மிஸ்திரியின் கைகள்: அம்பாசிடர் எஞ்சினும் எழுதப்படாத ஒரு தொழில் வரலாறும்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க.

வட கொல்கத்தாவில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் முற்றத்தில், 1970களின் பிற்பகுதியில் வாங்கப்பட்ட அம்பாசிடர் மார்க் 3 வண்டி ஒன்று நிற்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்றதில், குளிர்நீர் எஞ்சின் எண்ணெயில் கலந்து எண்ணெய் பால்நிறமாகிவிட்டது. சென்ற மாதம் அதன் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற, எழுபது வயதை எட்டும் மிஸ்திரி ஒருவர் வந்தார். இரண்டு நாள் நானும் உடனிருந்தேன். அவர் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். கழற்றிய உறுப்புகளை வரிசையாக அடுக்கினேன்.

வீட்டுக்கார அம்மையாரை நான் மாஷிமா என்று அழைப்பது வழக்கம். வேலை தொடங்குமுன் அவர் அலமாரியிலிருந்து இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று, காலஞ்சென்ற அவர் கணவர் காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டிக்கான ஆங்கிலப் பழுதுநீக்கக் கையேடு. மற்றொன்று, அவர் கணவர் எழுதிவந்த வண்டிச் செலவுக் குறிப்பேடு. கையேடு வாசகரை நேரடியாக விளித்துப் பேசுகிறது: நட்டுகளைத் தளர்த்துக, ஹெட்டைத் தூக்குக, கரியைச் சுரண்டுக. குறிப்பேட்டிலோ, சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை ஒரே மாதிரியான வரி காணப்படுகிறது: ‘ஹெட் கழற்றியது, கரி நீக்கியது, மிஸ்திரிக்கு இவ்வளவு, பையனுக்கு இவ்வளவு.’

கையேடு ஏவுவது உரிமையாளரை. வேலை செய்தவர் மிஸ்திரி. இந்தியாவில் மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுத முனைவோர் இந்த இடைவெளியில் நின்று தொடங்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

*

முதலில் பொருளைப் பற்றி. எஞ்சினின் பிளாக் என்னும் அடிப்பகுதியில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் உருளைத் துளைகள் உள்ளன. அவற்றின் மேல்வாயை மூடும் கனத்த இரும்பு மூடியே சிலிண்டர் ஹெட். எரிபொருள் எரியும் அறை, வால்வுகள், தீப்பொறி பிளக்குகள், குளிர்நீர் ஓடும் வழிகள் ஆகியவை அதற்குள் அடங்கும். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு, அழுத்தமும் நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாமல் காக்கிறது.

இந்த மூடியைக் கழற்ற முடிவதை இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். தொடக்ககால எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரும் ஹெட்டும் ஒரே வார்ப்பாக இருந்தன. நம்பத்தக்க கேஸ்கெட் இல்லாததால் இணைப்பையே தவிர்த்தனர். கழற்றக்கூடிய ஹெட்டைப் பெருந்திரள் உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி. தச்சரையும் கொல்லரையும் தவிர வேறு தொழிலாளர் அருகில் இல்லாத அமெரிக்கக் கிராமப்புறத்து விவசாயி, தன் கொட்டகையிலேயே எஞ்சினைத் திறந்து பார்க்க அந்த வடிவமைப்பு வழிசெய்தது.

திறந்து பார்ப்பது அன்று விருப்பச் செயல் அன்று, கட்டாயத் தேவை. அக்காலப் பெட்ரோலும் எண்ணெயும் எரிந்தபின் எரியறையிலும் பிஸ்டன் தலையிலும் கரியைப் படியவிட்டன. கரி தடித்தால் எஞ்சின் இடிக்கும், ஆற்றல் குறையும், வால்வுகள் சரியாக மூடா. எனவே சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவதும், வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் தேய்த்துப் பொருத்துவதும் வழக்கமான பராமரிப்பாயின. இங்கிலாந்தில் இது ஞாயிற்றுக்கிழமை வேலையாக, நடுத்தர வர்க்க ஆடவரின் பொழுதுபோக்காகவும் பெருமையாகவும் வளர்ந்தது. 1966இல் ஜான் ஹேன்ஸ் தம் முதல் பழுதுநீக்கக் கையேட்டை வெளியிட்டபோது, அதற்கான வாசகர்கூட்டம் ஏற்கெனவே உருவாகியிருந்தது. வீடு, கொட்டகை, சொந்தக் கருவிகள், ஓய்வுநாள், எழுத்தறிவு ஆகிய ஐந்தும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பதாகக் கையேடு அனுமானிக்கிறது.

*

அந்த எஞ்சின் இந்தியாவுக்கு வந்தபோது அனுமானம் மட்டும் கப்பலேறவில்லை.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948இல் கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. பம்பாயின் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் வண்டிகளையும், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஸ்டாண்டர்டு வண்டிகளையும் உருவாக்கின. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற அரசு, உள்நாட்டு உற்பத்தித் திட்டமின்றி உதிரிகளைக் கோத்து விற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை என முடிவு செய்தது. 1928 முதல் பம்பாயில் இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும் விலகின. அடுத்த முப்பதாண்டுகளுக்கு இந்தியரின் கார் என்பது பெரும்பாலும் இந்த மூன்று நிறுவனங்களின் கார்தான்.

அம்பாசிடர் 1957இல் வந்தது. தொடக்கத்தில் அதில் இருந்தது 1476 சிசி பக்கவால்வு எஞ்சின். அவ்வகையில் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால், ஹெட் என்பது ஏறத்தாழ வெறும் மூடி, கழற்றுவது எளிது. 1959இல் அதன் இடத்தைப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்த 1489 சிசி எஞ்சின் பிடித்தது. துளை விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 88.9 மில்லிமீட்டர். பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. வால்வுகள் ஹெட்டுக்கு இடம் மாறியதால், அவற்றை அழுத்தும் ராக்கர் தண்டும், கீழிருந்து ராக்கரைத் தள்ளும் எட்டு புஷ் ராடுகளும் புதிதாகச் சேர்ந்தன. மூடியைக் கழற்றுவது இப்போது ஒழுங்கும் நினைவாற்றலும் வேண்டும் வேலையாயிற்று.

எங்கள் முற்றத்தில் நடந்ததைச் சுருக்கமாகப் பதிகிறேன். கையேட்டையும் கையையும் ஒப்பிட இது தேவை.

மிஸ்திரி முதலில் பேட்டரி இணைப்பை நீக்கி, ரேடியேட்டர் நீரை வடித்தார். மேல் ரப்பர் குழாய், காற்று வடிகட்டி, கார்பரேட்டர், புகைபோக்கி இணைப்பு, பிளக் வயர்கள் ஆகியவை அடுத்தடுத்து விலகின. ராக்கர் மூடியை எடுத்தபின், ஹெட்டைப் பிடித்திருக்கும் பதினொரு நட்டுகளுக்கு வந்தார். அவற்றுள் நான்கு ராக்கர் தாங்கிகளையும் சேர்த்தே பிடிக்கின்றன. ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளைந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச்சுற்றாகத் தளர்த்தினார். கையேடும் இதையே சொல்கிறது. ஆனால் மிஸ்திரி கையேட்டைத் திறக்கவே இல்லை; அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

புஷ் ராடுகளை உருவும்போது ஒவ்வொன்றையும் சிறிது திருகி, கீழுள்ள டாப்பெட் ஒட்டிக்கொண்டு மேலே வராதபடி எடுத்தார். எட்டுத் துளையிட்ட ஓர் அட்டைப்பெட்டியில் அவற்றை வரிசை மாறாமல் குத்தி நிறுத்தச் சொன்னார். ஒரே இடத்தில் பல்லாண்டு தேய்ந்த உறுப்பு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் விளக்கம். ஹெட் அசையவில்லை. இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பப் போன என்னைத் தடுத்து, பக்கவாட்டில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஒட்டு விட்ட ஓசையைக் காதால் கேட்டபின், இருவருமாக நேர்மேலே தூக்கினோம்.

பிஸ்டன் தலைகளில் கரி சுரண்டும்போது விளிம்பில் ஒரு மெல்லிய வளையத்தை மட்டும் விட்டுவைத்தார். அது எண்ணெய் மேலேறாமல் காக்கும் என்றார். மாலையில் கையேட்டைப் புரட்டியபோது அதே அறிவுரை அதில் அச்சாகியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பீகாரின் சாப்ரா பகுதியிலிருந்து சிறுவனாக வந்து, எழுத்தறியாத ஓர் உஸ்தாதிடம் தொழில் கற்றவர் இவர். இங்கிலாந்தில் அச்சான வரி அவரிடம் எவ்வழியே வந்து சேர்ந்தது? தொழிற்சாலையில் பயின்ற ஒருவர் வழியாக வந்திருக்கலாம். ஆங்கிலம் படித்த உரிமையாளர் ஒருவர் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டியிருக்கலாம். இரும்பே தன்னளவில் கற்பித்தும் இருக்கலாம். புதிய கேஸ்கெட்டில் மேல்புறத்தையும் முன்புறத்தையும் குறிக்க அச்சிட்டிருந்த ஆங்கிலச் சொற்களை அவர் எழுத்துகளாக அன்றி வடிவங்களாக அறிந்திருந்தார். விரலால் தடவிப் பார்த்துச் சரியாகவே பொருத்தினார்.

*

‘வீட்டில்’ என்ற சொல்லை இங்கு நிறுத்தி ஆராய வேண்டும். இந்தியாவிலும் ஹெட்டுகள் வீட்டில்தான் பெரிதும் கழற்றப்பட்டன: முற்றத்தில், வேப்பமரத்தடியில், வீட்டு வாசலோரத் தெருவில். ஆனால் வீட்டின் உரிமையாளர் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்திருந்தார். எண்ணெய்க் கறை படிந்த வேலையை உடலுழைப்பாகவும், உடலுழைப்பைத் தாழ்ந்ததாகவும் கண்ட சமூகத்தில், அந்தக் கையேட்டின் ஏவல் உரிமையாளரைக் கடந்து, அவர் அழைத்துவந்த மனிதரிடம் சென்றது. தாமே ஸ்பானர் பிடித்த உரிமையாளர் இல்லாமலில்லை. மாஷிமாவின் கணவர் கையேட்டின் ஓரங்களில் எழுதிய குறிப்புகள், அவர் அருகிலிருந்து கவனித்தார் என்பதைக் காட்டுகின்றன. கவனித்தவரின் கையெழுத்து ஆவணமாயிற்று. செய்தவரின் கை, ஒரு தொகையாக மட்டும் குறிப்பேட்டில் பதிந்தது.

சொல்லும் இதையே சொல்கிறது. மிஸ்திரி என்ற வடஇந்தியச் சொல்லும், நாம் கட்டட வேலையில் வழங்கும் மேஸ்திரி என்ற சொல்லும், கைவினைத் தலைவனைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல் ஒன்றிலிருந்து வந்தவை. தலைமையைக் குறித்த அச்சொல், வீட்டுக் கணக்கில் ஒருவரின் பெயரையே விழுங்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. குறிப்பேட்டின் ‘பையன்’ அதனினும் கீழே நிற்கிறான். மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவியதும், கரியைச் சுரண்டியதும், இரவில் வண்டிக்கடியில் உறங்கியதும் அவன்தான். எங்கள் மிஸ்திரியும் அப்படியொரு பையனாகத் தொடங்கியவர்.

இந்த இடத்தில் பழைய காலத்தைப் பற்றிய ஏக்கத்தைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும். அன்றைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. பையன் சுரண்டிய படிவில் கரியோடு ஈயமும் இருந்தது. அக்காலக் கேஸ்கெட் செம்புத் தகடுகளுக்கிடையே ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்தது. ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியபோது எழுந்த தூசியை அவன் சுவாசித்தான். பழுதுநீக்கும் பண்பாட்டைப் போற்றும் கட்டுரைகள் பலவற்றில் இந்தத் தூசி இல்லை. மிஸ்திரியிடம் உடன் தொழில் கற்ற நண்பர்களைப் பற்றிக் கேட்டேன். சிலர் இருமி இருமியே போனார்கள் என்றார். அதற்குக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று நிறுவ எந்த மருத்துவப் பதிவும் இல்லை. அவர்களின் உடல்நிலை பற்றிய பதிவே எங்கும் உருவாகவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

பற்றாக்குறையையும் மறக்கலாகாது. உரிமம் வழங்கும் முறை உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். கார் விலையையே அரசு நிர்ணயித்தது. அது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று தீர்ப்பு வந்தது. புதிய வண்டி கிடைக்காத நாட்டில் பழைய வண்டி சாகக்கூடாது. ஆகவே ஹெட்டைத் தளமட்டமாகச் சீவினர், மீண்டும் சீவினர், விரிசலைப் பற்றவைத்தனர், தேய்ந்த வால்வு வழிகாட்டிக்குப் புதியதைக் கடைந்து போட்டனர். கொல்கத்தாவின் மல்லிக் பஜார், தில்லியின் மாயாபுரி, சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகள் இந்தப் பொருளாதாரத்தின் முனைகள். நாம் இன்று வியக்கும் அறிவு, ஒரு வகையில், தட்டுப்பாடு பெற்ற பிள்ளை. பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறாத ஒரே எஞ்சின், நுகர்வோருக்குச் சலிப்பு. அதே மாறாமைதான், எழுத்தறியாத ஒருவர் வாழ்நாள் முழுதும் ஒரு பொருளில் ஆழ்ந்து தேர்ச்சி பெற இடம் கொடுத்தது. இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

*

ஹெட் எப்போது மூடப்பட்டது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அலுமினிய ஹெட், கேம் தண்டு மேலேறி, பற்களுள்ள பெல்ட்டால் ஓடிற்று. ஹெட்டைக் கழற்றினால் பெல்ட்டின் நேர ஒழுங்கைக் குறி தவறாமல் மீட்டமைக்க வேண்டும். அதைவிட முதன்மையானது, கழற்றும் தேவையே குறைந்தது என்பது. எரிபொருளும் எண்ணெயும் மேம்பட, கரி நீக்கம் என்ற சடங்கு மெல்ல மறைந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. பொதுச் சுகாதாரத்துக்கு அது பெரும் நன்மை. ஆனால் பழைய இரும்பு ஹெட்டுகளில் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்ததும் அந்த ஈயப் படிவே. அது நின்றதும் வெளியேற்று வால்வுகளின் இருக்கைகள் அமிழத் தொடங்கின. பட்டறைகள் இருக்கைகளைக் கடைந்து, கடின உலோக வளையம் பதிக்கக் கற்றுக்கொண்டன.

பிற்கால எஞ்சின்கள் பலவற்றில் ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படும் வகையைச் சேர்ந்தவை. குறித்த கோணம்வரை முறுக்கி நீட்டப்பட்ட பின், கழற்றினால் புதிது போட வேண்டும். எங்கள் மிஸ்திரி பழைய நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக மூன்று சுற்றில் மணிக்கட்டின் உணர்வால் முறுக்கி, எஞ்சினைச் சூடேற்றிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். புதிய போல்ட்டுக்கு அந்த மணிக்கட்டு போதாது. அளவுமானியும், நிறுவனம் தரும் எண்ணும் வேண்டும்.

2014ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் ஒரு முடிச்சு. அவ்வாண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாகப் பதினான்கு கார் நிறுவனங்கள்மீது ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. பின்னர் மேல்முறையீடுகள் நடந்தன என்பது வேறு. அப்பட்டியலில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்த எஞ்சினைத் தந்த நிறுவனம் என்பதால் அதைப் புனிதப்படுத்த இயலாது. 2022இல் நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அதன் துறைகளுள் மோட்டார் வண்டியும் ஒன்று. அவ்விவாதம் பெரும்பாலும் நுகர்வோரின் உரிமையாகவே நடைபெறுகிறது. உரிமையாளரை விளித்த அந்தப் பழைய கையேட்டின் குரலே இங்கும் கேட்கிறது. பழுது நீக்குபவரின் உரிமை, கூலி, நுரையீரல் ஆகியவை இன்னும் விவாதத்துக்குள் வரவில்லை.

*

இரண்டாம் நாள், சுத்தம் செய்த ஹெட்டைக் கவிழ்த்து வைத்து வாசித்தோம். வாசித்தோம் என்பதே சரியான சொல். வால்வுகளின் முகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் பஞ்சால் குத்திய புள்ளிகள்: யாரோ ஒரு மிஸ்திரி வரிசை மாறாதிருக்க இட்டவை. வெளியேற்று வால்வுகள் நான்கிலும் மட்டும் வளையம் பதித்த இருக்கைகள்: ஈயம் போனபின் நடந்த வேலையாக இருக்க வேண்டும். தளத்தில் இருவேறு திசைகளில் ஓடும் மெல்லிய சீவல் கோடுகள்: குறைந்தது இருமுறை சீவப்பட்டிருக்கிறது. குறிப்பேட்டைப் பார்த்தேன். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பதிவு: ‘ஹெட்’ என்ற ஒரே சொல், பக்கத்தில் ஒரு தொகை. எழுத்து ஆவணம் ஒரு சொல்லில் முடித்துக்கொண்டதை, இரும்பு விரிவாகச் சொல்லிற்று.

டேவிட் எட்ஜர்டன், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பிலிருந்து பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் திருப்பினார். டேவிட் அர்னால்டு, மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சுப் பொறி, அரிசி ஆலை வழியாக இந்திய நவீனத்தின் அன்றாடத்தை எழுதினார். அவ்வழியில் அடுத்த அடி, பழுதுநீக்கிய பொருளையே மூல ஆவணமாக வாசிப்பதும், அதை வாசிக்கத் தெரிந்தவரைச் சக ஆய்வாளராக ஏற்பதும் என்று நினைக்கிறேன். முற்றத்தில் அந்த ஹெட்டை எனக்கு வாசித்துக் காட்டியவர் மிஸ்திரிதான். புள்ளிகளும் கோடுகளும் எனக்கு வெறும் கீறல்களாகவே தெரிந்தன.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு எஞ்சின்களில் கைதேர்ந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பத்தாண்டுகளில் இருக்கமாட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லுங்கள். இசைவு பெற்று, அவர்கள் விரும்பினால் பெயரோடு பதியுங்கள். என்ன செய்தீர்கள் என்பதோடு யாரிடம் கற்றீர்கள், என்ன கூலி, உடலுக்கு என்ன நேர்ந்தது என்றும் கேளுங்கள். வீட்டில் பழைய செலவுக் குறிப்பேடு இருந்தால் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எஞ்சின் இரண்டாம் நாள் மாலை ஓடிற்று. எண்ணெய் தெளிவாக இருக்கிறது. கூலியைக் கொடுத்தபின், கணவரின் குறிப்பேட்டில் கடைசி வரியை எழுதும்படி மாஷிமா என்னிடம் கொடுத்தார். மிஸ்திரியிடம் அவருடைய முழுப்பெயரைக் கேட்டேன். ஏன் என்றார். எழுத வேண்டும் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். அவர் விருப்பப்படி இங்கே குறிப்பிடவில்லை, குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.